இறைவைக்குரிய சக்தியும் அதனைத் தெரிந்தெடுக்கும் கணக்கு முறைகளும்

கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சின், மின்சார மோட்டார், சூரிய ஒளியால் இயங்கும் பம்பு ஆகியவற்றுள் எது உகந்ததென்று ஒரு கிராமத்துக்குத் திட்டம் வகுப்போர், முதற்செலவை மாத்திரம் நோக்கி முடிவு செய்தலாகாது. நடைச்செலவு, வேண்டிய வேளையில் நீர் கிடைத்தல், பழுது பார்க்கும் வசதி, நிலத்தடி நீரின் நிலை ஆகியனவும் உடன் ஆராயத்தக்கன. இதற்கென ஏற்பட்ட கணக்கு முறைகள் பல. ஒரே விவரங்களைக் கொண்டு அவை வெவ்வேறு விடை தருதலும் உண்டு. ஆதலின் முறையைத் தெரிந்தெடுத்தலே முதல் வேலையாகும்.

யாவர்க்கும் எளிதில் விளங்குவது, மதிப்பெண்ணை நிறையாற் பெருக்கிக் கூட்டும் முறை. உதாரணமாக, முதற்செலவுக்கு 30, நடைச்செலவுக்கு 40, நிலத்தடி நீர்க் காப்புக்கு 30 என நூற்றுக்கு நிறை வகுத்ததாகக் கொள்வோம். பத்துக்கு மதிப்பிட்டதில், சூரியப் பம்பு முறையே 4, 10, 2 பெறுகின்றது. எண்ணெய் எஞ்சின் 8, 2, 8 பெறுகின்றது. (எண்ணெய்க்குக் காசு கொடுப்பவன் அளவறிந்து இறைப்பான், பகல் முழுதும் செலவின்றி ஓடும் பம்பை நிறுத்த அவனுக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு முதல் உழவுக்கு மின்சாரம் இலவசமாயிருத்தலின், மோட்டாருக்கும் இது பொருந்தும்.) கூட்டினால் சூரியப் பம்புக்கு 5.8, எஞ்சினுக்கு 5.6. நடைச்செலவின் நிறையில் 5 குறைத்து நீர்க் காப்பிற் சேர்த்தாலோ, முறையே 5.4, 5.9 என்று முடிவு தலைகீழாகின்றது. இத்துணைச் சிறு மாற்றத்துக்கு நில்லாத விடையை நம்பி ஊர்ப்பணத்தைச் செலவிடலாமா?

நிறைகளை மனம்போனவாறு வகுக்காதிருக்க, தாமஸ் ஸாட்டி என்னும் கணித அறிஞர் 1970ஆம் ஆண்டுகளில் ஒரு முறை வகுத்தார். காரியங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றினும் எத்துணை முக்கியமென்பதை 1 முதல் 9 வரையுள்ள எண்ணாற் குறித்தல் வேண்டும். விடைகள் தம்முள் முரணுகின்றனவா என்று சோதிக்க வழியிருத்தல் இதன் அனுகூலம். ஐந்து காரியங்களாயின் 10 ஒப்பீடுகள்; எட்டாயின் 28. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் குடியானவர் அதற்குள் சலிப்படைந்து, கேட்டதற்கெல்லாம் தலையசைத்து விடுவர். அன்றியும், புதியதொரு சாதனத்தைப் பட்டியலிற் சேர்த்த மாத்திரத்தில் முன்னிருந்தவற்றின் வரிசை மாறுதலும் இம்முறையில் நிகழக்கூடும்.

மேற்கூறிய இரண்டிலும் பெரியதொரு குறை உண்டு. ஒன்றிலுள்ள தாழ்வை மற்றொன்றின் உயர்வு ஈடுசெய்து விடும். ஆண்டுதோறும் ஊறும் நீரினும் மிகுதியாக இறைக்கப்படும் வட்டாரத்தில், வற்றிய கிணற்றை நடைச்செலவின் குறைவு ஈடுசெய்யாது. அத்தகைய இடத்துக்கு, பிரான்சு தேசத்து பெர்நார் ரோய் 1968இல் வெளியிட்ட ‘எலெக்ட்ர்’ முறை ஏற்றது. ஒரு சாதனம் ஏதேனும் ஒரு காரியத்தில் அளவுமீறித் தாழ்ந்திருப்பின், பிறவற்றில் எத்துணை உயர்ந்திருப்பினும் அதனை மேலானதென்று கொள்ள இம்முறை இடங்கொடாது. சிற்சில வேளைகளில் இரண்டையும் ஒப்பிட இயலாதென்றே விட்டுவிடும். இதனைக் குறையென்பர் சிலர். பொய்யான வரிசையினும் இது மேலென்பதே எம் கருத்து. அவ்வாறு நேர்ந்தவிடத்து, சூரியப் பம்போடு சொட்டு நீர்ப் பாசனத்தையும் இறைக்கும் அளவுக்கு ஒரு வரம்பையும் இணைத்துத் தனித் திட்டமாகக் கொண்டு, மறுபடியும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நீர்வளம் குன்றாத இடங்களிலோ, கூட்டல் முறையே போதும். நிறைகளைச் சிறிது மாற்றி இருமுறை மும்முறை கணக்கிட்டு, வரிசை நிலைக்கின்றதா என்று மாத்திரம் பார்த்துக்கொள்க.