வாழுமிடமும் வாக்குரிமையும்

புனேயிலுள்ள தரைப்படையின் தென்பிராந்தியத் தலைமையகத்தில் பணியாற்றும் தமிழ் வீரர், தம் சொந்தத் தொகுதியாகிய திருநெல்வேலிக்கு அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். அந்நகரிலேயே இட்டலிக் கடை நடத்தும் தமிழருக்கு அவ்வசதி இல்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்குமிடமே அவர் தொகுதி. ஊரில் சொந்த வீடிருப்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியூர் சென்றோர் ஊரிலுள்ள பதிவை இழப்பதில்லை. ஆயின் இரு தொகுதிகளில் பெயர் பதிதல் ஆகாது.

வெளியூரிலிருந்தே வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் பொறியொன்றைத் தேர்தல் ஆணையம் 2022-இல் அறிவித்தது. கட்சிகள் பல உடன்படவில்லை. அது நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே நேயர்களே, நிலையாகக் குடியேறியோர் எட்டாம் எண் படிவத்தின் மூலம் பெயரை மாற்றிக்கொள்ளல் நன்று. பெயர் அங்கும் தாம் இங்குமாக இருப்பின், வாக்கு எங்கும் பயன்படாது. குடிநீரும் தெருவிளக்கும் கேட்பதற்கு வாழுமிடத்தில் அன்றோ குரல் வேண்டும்?