லயத்துக் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும்

பதுளையைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலே தேயிலைத் தோட்டத்து லயங்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. 10 அடிக்கு 12 அடி என்ற கணக்கிலே கட்டப்பட்ட காம்பராக்கள், ஒரே கூரையின் கீழ்ச் சுவரோடு சுவராய் அமைந்தவை. அவ்வமைப்பு அங்கு வாழ்வார்க்கு நெருக்கடியையே தந்தது. ஆயின் கணினிகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை.

2021ஆம் ஆண்டிலே, நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்து, லுணுகலைப் பகுதி மாணவர் தொலைபேசி அலையை நாடி மலைமேலிருந்த மரக்குடிலுக்கு ஏறிச் சென்றனர். இணையமின்றிக் கணினிகள் கூடிப் பணியாற்றா என்ற எண்ணம் அதனால் வலுப்படுதல் இயல்பே. எனினும் அது பிழையான எண்ணம். இணையம் வேறு, வீட்டு வலையமைப்பு வேறு. நகரத்திற்குச் சென்ற ஒருவர் பாடங்களைத் தம் கணினியிலே பதித்து வந்தால், அயற்காம்பராவிலுள்ளோர் அவற்றை இணையமின்றியே பெறலாம். ஒரு பக்கத்தை அச்சிடுவதற்காகப் பேருந்தேறிப் பதுளைக்குச் செல்லும் செலவும் மிஞ்சும்.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரிலே, செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில், ரொபட் மெற்காவ் ஈதர்நெற் முறையை வகுத்தார். விலையுயர்ந்த ஒரே லேசர் அச்சுப்பொறியைப் பல கணினிகள் பயன்படுத்த வேண்டியிருந்தமையும் அதற்கு ஒரு தூண்டுதலாகும். இல்லாமையே பகிர்வைத் தோற்றுவித்தது என்க.

நடுவே ஒரு ரவுட்டர் வேண்டும். அது ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்க முகவரியை வழங்கும். 192.168 எனத் தொடங்கும் இம்முகவரிகள், உள்ளிடப் பயனுக்கென்று 1994ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவற்றைச் சேர்ந்தவை. அச்சுப்பொறி பொருத்தப்பட்ட கணினியிலே அதனைப் பகிரும் அனுமதியை வழங்கிய பின், ஏனைய கணினிகள் அதனைத் தம்முடையது போலவே கையாளும். அக்கணினி விழித்திருத்தல் இன்றியமையாதது. அது உறங்கினால் அயலாரின் தாள் வெளிவராது. கருங்கற்சுவர் வானலையை மெலியச் செய்யுமாதலின் கம்பியே சிறந்தது. ஈதர்நெற் கம்பி 100 மீற்றர் வரை செல்லும்; 12 காம்பராக்கள் கொண்ட லயமோ 150 அடிக்குள் அடங்கும். ஆனால் பருவமாற்றக் காலத்து இடி முழங்குகையில் மின்செருகியோடு இக்கம்பியையுங் கழற்றி வைத்தல் வேண்டும். மின்னல் அதன் வழியாயும் வரும்.

பகிர்வு என்பது வீட்டைத் திறந்து போடுதலன்று. கணினி முழுவதையும் விடுத்து, ஒரு கோப்புறையை மட்டுமே பகிர்தல் தகும். படிக்க மட்டும் உரிமை போதுமாயின் மாற்றும் உரிமையைக் கொடுக்கலாகாது. ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வொன்னகிரை' என்னுந் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அது நுழைந்த வழி, விண்டோசின் கோப்புப் பகிர்வு நெறியினது பழைய முதலாம் பதிப்பு. அப்பதிப்பை அணைத்து வைத்தல் முதற்கடன்.

தமிழர்க்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியது. அதில் 'அம்மா' என்று தட்டெழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறப்பின், எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பனவே தோன்றும். ஒருங்குறியில் எழுதினால், அல்லது எழுத்துருவை உட்பதித்துப் பீ.டீ.எவ். வடிவில் மாற்றினால், இக்குறை நீங்கும். ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தம் கணினியிலிருந்தே அயலாரின் அச்சுப்பொறிக்கு அனுப்புவோர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் நேர்வதில்லை. எழுத்துரு அவர்தங் கணினியிலேயே உள்ளது. கோப்பைக் கொடுத்து அயலாரையே திறந்து அச்சிடச் சொல்வோர்க்குத்தான் 'அம்மா' உருமாறி வருவாள்.