அளவு தவறாத வரைபடம்: கணனியில் வரையக் கற்போம்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது முதுமொழி. கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே கருமமாகவே அமைந்துவிடுகின்றன. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்துவைக்கும் வழக்கம் அங்கு இன்றும் நிலைத்திருக்கின்றது. பெற்றோரின் காணி பெண்மக்களிடையே பங்கிடப்படுந்தோறும் துண்டுகள் சிறுத்துக்கொண்டே செல்கின்றன. ஒரு காலத்தில் அரை ஏக்கர் வளவில் எழுந்த வீடு இன்று பத்துப் பேர்ச்சிலும் ஆறு பேர்ச்சிலும் அடங்க வேண்டியிருக்கின்றது. வளவு பெரிதாயிருந்தபோது ஓரடி கூடினாலும் குறைந்தாலும் எவரும் பொருட்படுத்தவில்லை. இன்றோ அந்த ஓரடி சகோதரிகளிடையே வழக்காகவும் அயலவரிடையே பகையாகவும் வளர்ந்துவிடக் கூடியது.

ஆயினும், அப்பியாசக் கொப்பியின் தாளில் கீறப்பட்ட படத்தை நம்பியே தொடங்கப்படும் வீட்டு வேலைகள் எமது ஊர்களில் இன்றும் உள்ளன. இதனால் நேரக்கூடிய பிழையை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 33 அடி அகலமும் 49.5 அடி நீளமும் கொண்ட காணி சரியாக ஆறு பேர்ச் ஆகும். அதன் அகலத்தில் பத்தடி அறைகள் மூன்றை வரிசையாக அமைக்க ஒருவர் எண்ணுகின்றார். மூன்று பத்து முப்பது. எஞ்சும் மூன்றடி நடைபாதைக்குப் போதும் என்பது அவரது கணக்கு. ஆனால், அறைகளின் உள்ளளவை மட்டுமே அவர் கூட்டியுள்ளார். மூன்று அறைகளுக்கு நான்கு சுவர்கள் வேண்டும். ஆறங்குலக் கல்லால் கட்டினாலும் சுவர்களுக்கே இரண்டடி போய்விடும். எஞ்சுவது ஓரடி, வெளிப்பூச்சு அதனையும் குறைக்கும். அத்திவாரம் வெட்டிய பின்னர் இது தெரியவரின் இழப்பு பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

கணனியில் முறையாக வரைபவருக்கு இந்தப் பிழை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். காரணம் எளிது. பலகையில் தாளை விரித்து வரைபவர், முதலில் அளவுத்திட்டத்தைத் தீர்மானித்து ஒவ்வோர் அளவையும் சுருக்கியே வரைய வேண்டும். கணனியிலோ 33 அடியை 33 அடியாகவே வரைகின்றோம். சுவருக்கும் அதன் உண்மையான தடிப்பைக் கொடுத்தேயாக வேண்டும். எந்த அளவுத்திட்டத்தில் அச்சிடுவது என்பது இறுதியில் வரும் கேள்வியே. திரையில் வரைபடம் ஆக்கும் முறையை 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து அமெரிக்காவில் செய்து காட்டினார். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் மென்பொருள் அதனைச் சாதாரண கணனிகளுக்கும் கொண்டுவந்தது.

இக்கலையைப் பயில விரும்புவோர் தமது சொந்த வீட்டையே முதற்பாடமாகக் கொள்ளலாம். அளவு நாடாவைக் கொண்டு ஒவ்வோர் அறையின் நீளத்தையும் அகலத்தையும் அளப்பதோடு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கான மூலைவிட்டத்தையும் அளத்தல் வேண்டும். 12 அடிக்கு 9 அடி என்ற அறையில் மூலைவிட்டம் சரியாக 15 அடி இருக்க வேண்டும். இல்லையேல் அறை மூலைமட்டத்தில் இல்லை என்பது பொருள். எமது மேசன்மார் நூல் பிடித்துப் பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கும் இதுவே.

கணனியில் அமர்ந்ததும் முதலில் அலகைத் தீர்மானிக்க வேண்டும். அடியா, மீற்றரா என்பதில் தடுமாறினால் பின்னர் எல்லாமே தடுமாறும். அடுத்து, கோடு வரைதல், குறித்த தூரத்தில் இணைகோடு இடும் ஒஃப்செட், மிகையை வெட்டும் டிரிம், கோட்டின் முனையைப் பிசகாமல் பற்றும் ஸ்னாப், சுவர், கதவு, அளவுக்குறிப்பு என்பவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வைக்கும் லேயர் என ஏறத்தாழப் பத்துக் கட்டளைகளே தொடக்கத்திற்குப் போதும். இவை ஆங்கிலச் சொற்களாயினும், தமிழ்மொழி மூலம் கற்றவர் இவற்றுக்காகத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு விதியை மட்டும் ஒருபோதும் மீறலாகாது. வரைபடத்தில் ஓர் அளவு தவறாகத் தெரிந்தால், கோட்டைத் திருத்த வேண்டுமேயன்றி எண்ணை மாற்றி எழுதக் கூடாது. எண்ணை மாற்றுவதற்கு மென்பொருள் இடமளிக்கும், காணி இடமளிக்காது.

அச்சிடுகையிலும் அவதானம் தேவை. 1:100 என்பதன் பொருள், தாளின் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு மீற்றர் என்பதாகும். மேற்குறித்த ஆறு பேர்ச் காணி இந்த அளவுத்திட்டத்தில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றராக ஏ4 தாளில் அடங்கும். 1:50 எனில் ஏ3 தாள் வேண்டும். அந்த ஏ3 வரைபடத்தைத் தாளுக்கேற்பச் சுருக்குமாறு அச்சுப்பொறிக்குப் பணித்து ஏ4இல் எடுத்தால், 1:50 என்று எழுதியிருப்பினும் அது ஏறத்தாழ 1:71 ஆகிவிடும். அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் ஏமாறுவார். எனவே, எழுத்தில் அளவுத்திட்டத்தைக் குறிப்பதுடன், அளவுக்கோடு ஒன்றையும் வரைந்துவிட வேண்டும். தாள் சுருங்கினால் அக்கோடும் சேர்ந்தே சுருங்கும்.

பழைய வழக்கொன்றும் இங்கு குழப்பம் விளைவிக்கின்றது. எட்டடிக்கு ஓரங்குலம் என்பது 1:96 ஆகும்; 1:100 அன்று. ஒன்றுக்குரிய அளவுகோலால் மற்றையதை அளந்தால் 25 அடிச் சுவர் 24 அடியாகத் தோன்றும்.

இவற்றையெல்லாம் கற்றபின்னரும் எமது எல்லையை நாம் உணர்ந்திருத்தல் அவசியம். நாடாவைத் தவறாகப் பிடித்து எடுத்த அளவைக் கணனி திருத்தித் தராது. தவறான அளவை அழகான கோடுகளால் காட்டி மேலும் நம்பவைக்கும். காணியின் எல்லையை நிர்ணயிப்பவர் நில அளவையாளரே. அத்திவாரமும் தூண்களும் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பொறியியலாளரே கூற வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிக்குச் செல்லும் வரைபடத்தில் தகைமையுடையோரின் கையொப்பம் வேண்டும். அடிப்படையைக் கற்றவர் இவர்களுக்குப் பதிலாக நிற்பவரல்லர். இவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்.

கற்பதற்கு வழிகளும் உள்ளன. தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் படவரைஞர் பயிற்சிகள் உண்டு. 2013ஆம் ஆண்டு முதல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறையும் இருக்கின்றது. லிப்ரேகாட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால், களவுப் பிரதியை நாட வேண்டிய தேவையும் இல்லை.

கடல் கடந்து உழைத்த பணமும், தாயின் காப்பும், வங்கிக் கடனும் சேர்ந்தே எமது வீடுகள் பல எழுகின்றன. அத்தகைய வீட்டின் வரைபடத்தை வாசித்து, அளவு சரிதானா என்று சோதிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்திற்கு ஒருவரேனும் இருப்பின், பல சச்சரவுகள் தாளோடு தீர்ந்துவிடும். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களை எமது பிள்ளைகள், ஆண் பெண் என்ற பேதமின்றி, இதற்குச் செலவிடலாம். அதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு பழைய கணனியும் போதுமானவை.