கைமாறும் ஓவியங்கள்

நேற்று வாங்கிய மிதிவண்டியை இன்று விற்கச் சென்றால் முழு விலை கிடைக்காது. பாடநூலும் அப்படியே, ஆண்டு முடிந்ததும் பாதி விலைக்கே போகும். ஓவியத்தின் நிலையோ வேறு. ஒரு படம் கைமாறுந்தோறும் விலை ஏறுகிறது. அதனருகே தொங்கிய மற்றொரு படம் கண்ணாடியின் விலைக்கும் போவதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது, ஒரு படத்தை இரண்டாம் முறை விற்பவனும் வாங்குபவனும் எதனை அறிந்திருக்க வேண்டும் என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

இது செல்வர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டா. நான் வாழும் அம்பத்தூரிலும், அதனை அடுத்த ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலும், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. வீடு காலியாகும் நாளில் பித்தளைப் பாத்திரங்கள் எடைக்குப் போகின்றன. தேக்குக் கதவு மரக்கடைக்குப் போகிறது. சுவரில் இருந்த படங்களோ, தெய்வப் படங்களானால் அரசமரத்தடியில் வைக்கப்படுகின்றன. பிற படங்கள் சட்டத்தோடு காயலான் கடைக்குச் செல்கின்றன. ஒரு காலத்தில் இத்தகைய பொருள்களுக்குச் சென்னையில் புகலிடமாக விளங்கியது மூர் மார்க்கெட். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சந்தை 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கு இரையாயிற்று. ஆவடியிலிருந்து நீங்கள் ஏறிச் செல்லும் புறநகர் இரயில் இன்று போய் நிற்கும் நிலையத்துக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. சந்தை போயினும் வாணிபம் போகவில்லை. எனவே, பாட்டனார் வீட்டுப் படத்தை என்ன செய்வது என்ற கேள்வி உங்களுள் பலருக்கு ஒருநாள் எழத்தான் போகிறது.

படம் விற்கும்போது இரண்டு பொருள்கள் கைமாறுகின்றன. ஒன்று படம், மற்றொன்று அதனைப் பற்றி விற்பவன் கூறும் வாக்கு. அரிசியை வாங்குபவன் கையில் அள்ளிப் பார்த்துத் தேறலாம். ஓவியத்திலோ, யார் வரைந்தது, எப்பொழுது வரைந்தது, மூலமா அச்சா என்ற வாக்கை நம்பியே பணம் தரப்படுகிறது. ஆதலால் இத்துறையில் முதற்பாடம், பொருளுக்கு அதன் உண்மையான பெயரைச் சொல்லுதல் ஆகும்.

அப்பெயர்கள் நான்கு. ஓவியன் தன் கையாலே வரைந்த ஒரே படம் மூல ஓவியம். ஓவியனே செப்புத் தகட்டிலோ மரத்திலோ கல்லிலோ உருவத்தை அமைத்து, அதிலிருந்து எண்ணி எடுத்த சில படிகள் அச்சோவியம். ஒருவர் வரைந்ததைப் பொறிகொண்டு ஆயிரக்கணக்கில் பெருக்குவது அச்சுப்படம். ஒருவர் வரைந்ததைப் பார்த்து மற்றொருவர் மீண்டும் கையால் வரைவது நகல். நான்கும் நேர்மையான பொருள்களே. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டி விற்கும்போதுதான் அது மோசடி ஆகிறது.

இதற்கு இரவிவர்மாவின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த அவர், எண்ணெய் வண்ணத்தில் புராணக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்றார். அரண்மனைகளில் தொங்கிய அப்படங்களை எளியவர் காண இயலாது. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், அவற்றை அச்சிட்டுப் பரப்பலாம் என்று அவருக்கு யோசனை கூறியிருந்தார். 1894ஆம் ஆண்டில் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். பின்னர் வந்த இலக்குமியும் சரசுவதியும் நாடெங்கும் பூசையறைகளில் இடம்பெற்றன.

அப்படங்கள் அச்சிடப்பட்ட முறையை அறிந்தால், அவற்றை அடையாளம் காண்பதும் எளிதாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ஒரு கல். கைவல்லுநர்கள் மூலத்தைப் பார்த்து, அந்தந்த நிறம் விழவேண்டிய இடங்களைப் புள்ளிபுள்ளியாகக் கல்லின்மேல் வரைவார்கள். ஒரே தாளைக் கற்களின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்தெடுப்பார்கள். இறுதியில் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழைபோன்ற தடத்தையும் ஏற்றுவார்கள். ஆகவே, தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அது எண்ணெய் ஓவியமாகவே தோன்றும். அதனால்தான் இதற்கு ஒலியோகிராப், அதாவது எண்ணெய் அச்சு, என்ற பெயர் வந்தது.

அச்சகம் கடனில் மூழ்கியது. இரவிவர்மா அதனைத் தம்மிடம் பணிபுரிந்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். 1906ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் அச்சகம் நெடுங்காலம் இயங்கிற்று. வேறு ஓவியர்களின் படங்களும், வாணிப விளம்பரங்களுங்கூட அங்கே அச்சாயின. 1972ஆம் ஆண்டில் நேர்ந்த தீயில் அவ்வச்சகம் அழிந்தது. எனவே, படத்தின் கீழ் விளிம்பில் இரவிவர்மா அச்சகம் என்று இருப்பதால் அது அவர் கைபட்டது என்றோ, அவர் காலத்தது என்றோ சொல்லிவிட இயலாது. அச்சகத்தின் பெயர் வேறு, ஓவியனின் கை வேறு.

என்னிடம் முன்பு பயின்ற ஆவடி மாணவர் ஒருவர், தம் பாட்டியார் வீட்டுச் சரசுவதி படத்துடன் ஒருநாள் என்னிடம் வந்தார். பழம்பொருள் வாங்குபவர் ஒருவர், கறைபட்ட வெறும் காகிதம் என்று கூறி ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டாராம். உறவினர் ஒருவரோ, இது அசல் இரவிவர்மா, இலட்சக்கணக்கில் போகும் என்றாராம். நாங்கள் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். தூரிகை சென்ற மேடுபள்ளம் எங்கும் இல்லை. ஒரே சீரான துணித்தடமே தெரிந்தது. பூதக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபோது, கையால் இட்ட ஒழுங்கற்ற நுண்புள்ளிகள் தோன்றின. சட்டத்தின் அடியில் மறைந்திருந்த விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தது. புடவைக் கரையில் வீட்டுப் பெண்கள் பாசிமணியும் சரிகையும் தைத்திருந்தனர். ஆகவே அது பழைய கல்லச்சுப் படம். ஐந்நூறு என்றவர் சொன்னதும் உண்மையன்று. இலட்சங்கள் என்றவர் சொன்னதும் உண்மையன்று. அம்மணி வேலைப்பாட்டைக் குறை என்று கருதுவாரும் உண்டு. அந்நாளைய வழக்கத்துக்குச் சான்று என்று விரும்பி வாங்குவாரும் உண்டு. மாணவர் அதனை விற்கவில்லை.

மூலத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவை ஓர் எண்ணால் கூறிவிடலாம். யசோதையும் கிருஷ்ணனும் இடம்பெறும் இரவிவர்மாவின் மூல ஓவியம் ஒன்று 2023ஆம் ஆண்டு மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்கு விற்றது. அவருடைய மூல ஓவியங்களை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தன் தொகுப்பில் வைத்திருக்கிறது. மூலத்தின் முன் ஒருமுறை நின்று பழகிய கண், அச்சைக் கண்டு பின்னர் எளிதில் ஏமாறாது.

தமிழ்நாட்டின் நாட்காட்டிப் படங்களும் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வ உருவங்கள், சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் பரவின. அச்சுப்படியை எல்லாரும் மாட்டி வைத்தனர். மூலத்தையோ, அச்சான பின் எவரும் பொருட்படுத்தவில்லை. அவர் 1976ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வோவியங்களை அறிஞர்கள் ஆராயத் தொடங்கியது பின்னர்தான். ஒரு தலைமுறை கழிவென்று தள்ளியதை அடுத்த தலைமுறை தேடி அலைகிறது.

பிற வகைகளைப் பற்றியும் சில குறிப்புகள் கூறுவேன். இக்காலப் பொறியச்சில் புள்ளிகள் ஒரே ஒழுங்கில் வட்டவட்டமாக அமைந்திருக்கும். பூதக்கண்ணாடி அதனை உடனே காட்டிக் கொடுக்கும். அச்சோவியமாயின், அடியில் பென்சிலால் 7/50 என்பதுபோல் எழுதியிருப்பர். ஐம்பது படிகளுள் இது ஏழாவது என்பது பொருள். செப்புத் தகட்டில் எடுத்ததாயின், தகட்டின் ஓரம் அழுந்திய தடமும் தாளில் இருக்கும். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மையத்தில் இவ்வகை அச்சோவியக் கூடம் உண்டு. தஞ்சாவூர் ஓவியமாயின், பலகையின் பின்புறத்தைப் பாருங்கள். புதுப்படத்தைப் புகையில் வாட்டிப் பழமை ஏற்றுவோர் முன்புறத்தில் காட்டும் அக்கறையைப் பின்புறத்தில் காட்டுவதில்லை. எந்தப் படமாயினும் கையொப்பத்தை மட்டும் நம்பற்க. போலி செய்பவனுக்கு மிக எளியது அதுவே.

விற்க நினைப்பவர் செய்யத்தகாதனவும் சில உண்டு. ஈரத்துணியால் துடைக்கலாகாது. புதிய சட்டத்தில் அடங்குவதற்காக விளிம்பை வெட்டலாகாது. வெட்டினால், அச்சகத்தின் பெயரோடு சான்றும் போய்விடும். பின்புறத்தில் ஒட்டியுள்ள கடைச்சீட்டைக் கிழிக்கலாகாது. வாங்கிய ரசீது, படம் சுவரில் தொங்கும் பழைய குடும்பப் புகைப்படம், பாட்டனாரின் கடிதம் ஆகிய அனைத்தும் படத்தின் பிறப்புச் சான்றுகளாம். அவற்றைப் படத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள் ஆகும். அதனை வாணிபம் செய்ய உரிமம் வேண்டும். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. இரவிவர்மாவின் ஓவியங்கள் 1979ஆம் ஆண்டில் கலைச்செல்வம் என அறிவிக்கப்பட்டன. ஆகவே, பழம்படம் ஒன்றை விற்கும் முன்னும், அயல்நாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பும் முன்னும் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வதே முறை. நம் கோவில் படிமங்கள் பல கடல் கடந்து போனதை நாம் அறிவோம். எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவோர் இருக்கும் வரையில் களவும் இருக்கும்.

இதுவரை விற்பவனையும் வாங்குபவனையும் பற்றியே பேசினோம். மூன்றாமவன் ஒருவன் உண்டு, அவனே ஓவியன். பிரெஞ்சு ஓவியர் மில்லே, வயலில் உழவர் இருவர் தலைகுனிந்து வேண்டும் காட்சியை வரைந்து, 1859ஆம் ஆண்டில் முடித்தார். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆயிரம் பிராங்க். அவர் 1875ஆம் ஆண்டில் மறைந்தார். 1889ஆம் ஆண்டு ஏலத்தில் அதே படம் 5,53,000 பிராங்குக்குப் போயிற்று. வரைந்தவர் குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் உரிமை இல்லை. இத்தகைய அநீதிகள் மக்கள் மனத்தை உறுத்தின. 1920ஆம் ஆண்டில் பிரான்சு, மறுவிற்பனைத் தொகையில் ஓவியனுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் செய்தது.

நம் நாட்டிலும் அவ்வுரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி, ஓவியத்தின் மூலம் பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுபடி விற்கப்பட்டால், அதன் முதல் பதிப்புரிமை ஓவியனுக்கு உரியதாயிருப்பின், அவனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ அத்தொகையில் பங்கு உண்டு. அப்பங்கு நூற்றுக்குப் பத்துக்கு மிகலாகாது. பதிப்புரிமைக் காலம் முடிய, இவ்வுரிமையும் முடியும். அக்காலம் ஓவியனின் ஆயுளும் அதன்பின் அறுபது ஆண்டும் ஆகும். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கியதனாலேயே அதனை நாட்காட்டியில் அச்சிடும் உரிமை வந்துவிடாது.

இவ்வுரிமை தானாக வீடு தேடி வருவதன்று, கேட்டுப் பெறவேண்டியது. கேட்பதற்கோ சான்று வேண்டும். நம் புறநகர்களிலிருந்து நாள்தோறும் இரயிலேறி, 1850ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை ஓவியக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் உங்களுள் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. கட்டணத்துக்காக ஒரு படத்தைச் சிறு விலைக்கு விற்க நேர்ந்தாலும், பெயர், நாள், அளவு, விலை ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்ட ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். அத்துண்டுத் தாள் வாங்கியவருக்கும் நன்மையே. நாளை அவர் விற்கும்போது, அவர் வாக்குக்கு அதுவே துணையாக நிற்கும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வதும் எளியதே. வீட்டுச் சுவரிலிருந்து ஒரு படம் இறங்கும் நாளில், அதனை எடைக்குப் போடும் முன், வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டு முதியவரிடம் அது வந்த வழியைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு வைத்திருக்கலாம், கொடுக்கலாம், விற்கலாம். விற்பதாயின், அச்சை அச்சென்றும் நகலை நகலென்றும் சொல்லி விற்போம். அவ்வாறு விற்ற படத்தைப் பற்றி நாளை எவர் கேட்பினும், நாம் கூறும் விடை மாறாது.