கணிப்பொறியின் மின்வழங்கி: பழுதைக் கண்டறிவது எப்படி?

பொத்தானை அழுத்துகிறீர்கள், கணிப்பொறி அசையவில்லை. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்துவிடுகிறது. பழுது மின்வழங்கியிலா, தாய்ப்பலகையிலா? ஒரு மல்டிமீட்டரும், பள்ளியில் படித்த ஓம் விதியும் இருந்தால் இதை ஓரளவு நீங்களே கண்டறியலாம்.

கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று சொல்லும் இந்தப் பெட்டி, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் திருத்திச் சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்க்கிறது. பின்னர் அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறியதொரு மின்மாற்றியின் வழியே 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கித் தருகிறது.

1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையைச் சேர்ந்த மின்வழங்கிகளில், கம்பிகளின் நிறமே நமக்கு வழிகாட்டி. (எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தால் கையேட்டைப் பார்க்கவேண்டும்.) கணிப்பொறி அணைந்திருந்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருக்கவேண்டும். இல்லையெனில் சுவிட்சையும் வடத்தையும் சோதியுங்கள். அவை சரியென்றால் பழுது மின்வழங்கியில்தான்.

ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருந்தால் அடுத்த சோதனை. மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளிருக்கும் இணைப்புகள் அனைத்தையும் கழற்றுங்கள். 24 முனை இணைப்பானில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித் துண்டால் இணைத்து, மீண்டும் மின்சாரம் கொடுங்கள். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வரவேண்டும். 5 விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்.

அளவு சரியாக வந்தால் மின்வழங்கி நலமா? அவசரப்படாதீர்கள்! மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறிது. இணைப்பானில் 0.1 ஓம் தடை ஏற்பட்டிருந்தால் அது இப்போது தெரியாது. கணிப்பொறி அந்த வழியே 10 ஆம்பியர் இழுக்கும்போதோ, 10 × 0.1 = 1 வோல்ட் அங்கேயே இழப்பாகும். 12 வோல்ட் 11 ஆகிவிடும். 10 வாட் வெப்பத்தில் இணைப்பான் கருகும். ஆகவே பளுவோடு அளப்பதே உண்மையான சோதனை. கணிப்பொறியைக் கடினமான வேலையில் ஈடுபடுத்தி, இணைப்பானின் பின்புறமாக, முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி அளந்து பாருங்கள்.

இன்னொரு குற்றவாளி மின்பகு மின்தேக்கி. வெப்பத்தால் அதனுள் இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. உலர்ந்த மின்தேக்கி, மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வுகளைச் சமன்செய்யாது. மல்டிமீட்டரோ சராசரியைத்தான் காட்டும்! இங்கே நல்லதென்று தெரிந்த, போதிய திறனுள்ள வேறொரு மின்வழங்கியை மாற்றிப் பார்ப்பதே வழி. விசிறியில் தூசி அடையாமல் காப்பது மின்தேக்கியின் ஆயுளை நீட்டும்.

ஆனால் மின்வழங்கியின் உறையை மட்டும் திறக்காதீர்கள். 330 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 325 வோல்ட்டில் சேர்த்துவைக்கும் ஆற்றல் சுமார் 17 ஜூல். இது உயிரைப் பறிக்கக்கூடியது. அதை வடித்துவிடும் மின்தடை பழுதாகியிருந்தால், செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் உள்ளே காத்திருக்கும். வெளியே அளப்பது நம் வேலை. உள்ளே கைவைப்பது பயிற்சி பெற்றவர் வேலை.