72 மணி நேரம்: ஆணுறை கிழிந்தால் எங்கே போவது?

ஆணுறை கிழிந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்பவை இவைதான். டெட்டால் ஊற்றிக் கழுவுகிறார்கள், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்குகிறார்கள், விடியும்வரை கைப்பேசியில் தேடுகிறார்கள். மறுநாள் ஒரு தனியார் லேபில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, ‘நெகட்டிவ்’ என்ற தாளைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். டெட்டால் உள்தோலைப் புண்ணாக்கி ஆபத்தைக் கூட்டும். தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும், அதுவும் வெளியே மட்டும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இவற்றைவிட மோசமானது அந்த லேப் தாள். நேற்று ராத்திரி தொற்றியிருந்தால் இன்றைய ரத்தத்தில் அது தெரியாது. தெரிய வாரங்கள் ஆகும். அந்தத் தாள் சொல்வதெல்லாம் இதற்கு முன்பு தொற்று இருந்ததா என்பதை மட்டும்தான். அதை நம்பி வீட்டுக்குப் போகிறவர், தொற்றைத் தடுக்க இருந்த ஒரே அவகாசத்தைத் தவறவிடுகிறார்.

அந்த அவகாசம் 72 மணி நேரம். உடலுக்குள் நுழைந்த எச்.ஐ.வி. கிருமி நிணநீர் முடிச்சுகளுக்குப் போய் நிலைகொள்ளச் சிறிது காலம் பிடிக்கிறது. அதற்குள் மருந்து கொடுத்தால் அது பெருகாமல் தடுக்கலாம். டாக்டர்கள் ‘பெப்’ என்று சொல்லும் தடுப்புச் சிகிச்சை இதுதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை தினம் ஒன்றாக 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது மிக நல்லது. தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பலன் குறையும், 72 மணி தாண்டினால் பலனில்லை. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பாதி அவகாசம் போய்விடும். ரத்தப் பரிசோதனையும் தேவைதான். ஆனால் அதன் முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது? சென்னையை அடுத்த தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பகலில் முதல் இடம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம். 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை ஆரம்பமானபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஒன்று. இந்தச் சிகிச்சையைத் தரும் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். செங்கல்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களும் ஏ.ஆர்.டி. மையங்களும் பகலில்தான் இயங்கும். ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் பூட்டிய கதவின் முன் நிற்காமல் பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வேலையின்போது தவறுதலாக ஊசி குத்திக்கொள்ளும் நர்ஸுகளுக்காக இந்த மருந்தை எந்நேரமும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்.

இங்கேதான் சிக்கலும் வருகிறது. அரசின் இலவச இருப்பு முதன்மையாக மருத்துவப் பணியாளர்களையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் மனத்தில் வைத்து ஒதுக்கப்படுவது. ஆணுறை கிழிந்தது என்று வருபவரிடம் ‘இதெல்லாம் உங்களுக்குக் கிடையாது’ என்று சொல்லி அனுப்பிவிட வாய்ப்புண்டு. மருந்து தர முடியாது என்றால் சீட்டாவது எழுதித் தரலாமே! மூன்று நாள் கெடு உள்ள ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது மருத்துவம் ஆகாது. அப்படி நடந்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மூன்று மருந்துகளின் பெயரையும் சொல்லிச் சீட்டு கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அன்றே ஒரு தனியார் பொது மருத்துவரிடம் வாங்குங்கள். இந்த மாத்திரை எல்லாக் கடைகளிலும் இருக்காது, பெரிய மருத்துவமனைகளை ஒட்டிய மருந்துக் கடைகளில் கேளுங்கள். 30 மாத்திரை கொண்ட குப்பியாகக் கிடைக்கும். பாலியல் வன்முறை என்றால் விஷயமே வேறு: அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வா என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

மருந்தைத் தொடங்கும்போதே சிறுநீரகத்துக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர் இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அது இல்லாதவர், தடுப்பூசியும் போடாதவர் என்றால் அந்த ஊசியையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம். ஜெலுசில் போன்ற அல்சர் மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளில் ‘ஒன்றும் இல்லையே’ என்று நிறுத்துவது, தொடங்காததற்குச் சமம். ஆணுறை கிழிந்த நாளிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று எச்.ஐ.வி. பரிசோதனை. அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது.

ஒரு தடவையில் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவுதானே, எதற்கு இத்தனை பதற்றம் என்று கேட்கலாம். குறைவுதான். எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பிறப்புறுப்பு வழி உறவில் பெண்ணுக்குத் தொற்றுவது 10,000 தடவைக்கு சுமார் 8 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. ஆசனவழி உறவில் ஏற்பவருக்கு அது 138. துணைக்குத் தொற்று இருந்து, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உறவில் தொற்றுவதில்லை. பெப் தேவையே இல்லாமலும் போகலாம். ஆனால் எதிரில் இருப்பவரின் நிலை தெரியாதபோது இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட வேண்டாம். அதை டாக்டர் போடட்டும், 72 மணிக்குள்.

சானடோரியம் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம்தான் பலரை வீட்டிலேயே முடக்குகிறது. அங்கே காசநோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் தினமும் கூட்டம் வருகிறது. யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவைப் பிறருக்குச் சொல்லவோ கூடாது. வீட்டாரைக் கூட்டி வா, கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

எச்.ஐ.வி. மட்டுமே கவலை என்று இருந்துவிடவும் வேண்டாம். சிபிலிஸ் புண் சில வாரங்கள் கழித்து, வலியே இல்லாமல் வரும். தானாகவே ஆறியும் விடும். நோய் உள்ளே தங்கிவிடும். அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையங்களில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கர்ப்பத் தடுப்பு தனி. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரைக்கும் 72 மணிதான் கெடு. அது தொற்றைத் தடுக்காது. சட்டப்படி சீட்டில்லாமல் விற்கலாம், தமிழ்நாட்டில் தடையும் இல்லை. ஆனாலும் இங்கே பல கடைக்காரர்கள் அதை வாங்கி வைப்பதேயில்லை. கடை கடையாக அலையாமல் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 5 நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு.

இனிமேல் கிழியாமல் இருக்க, தேங்காய் எண்ணெயையும் வாஸ்லினையும் ஆணுறையோடு சேர்க்காதீர்கள், பர்ஸில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். இப்போதே கிழிந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 1097-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.