பத்து வருடத் தவணைக் கார்

நம் ஊர்களில் பாட்டனார் வாங்கிய மொரிஸ் மைனரைப் பேரன் இன்றும் ஓட்டுவதைப் பார்க்கிறோம். சிங்கப்பூரில் அப்படியல்ல. கார் நன்றாக ஓடிக் கொண்டிருந்தாலும், பத்து வயது ஆகும்போது 'இதை வைத்திருப்பதா, உடைக்கக் கொடுப்பதா?' என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி? அது சுமார் 735 சதுர கிலோமீற்றர் மட்டுமே உள்ள தீவு. நிலத்தில் நூற்றுக்கு 12 பங்கு வீதிகளுக்கே போய்விட்டது. கார்கள் பெருகினால் வீதி தாங்காது. ஆகவே 1990 மே மாதம் முதல், கார் வாங்குவோர் 'வாகன உரிமைச் சான்றிதழ்' ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்றாயிற்று. அதன் ஆயுள் பத்து வருடம். 2023 ஒக்டோபரில் சிறிய காருக்குரிய சான்றிதழ் 1 இலட்சத்து 6 ஆயிரம் சிங்கப்பூர் டொலருக்குப் போனது. காரின் விலை வேறு!

தவணை முடிந்தால் இரண்டே வழி. ஒன்று, பதிவை நீக்கி, காரை உடைக்கவோ வெளிநாட்டுக்கு ஏற்றவோ கொடுத்துவிடுவது. பத்து வருடத்துக்குள் கொடுத்தால், முதலில் கட்டிய பதிவு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மற்றது, கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிச் சான்றிதழைப் புதுப்பிப்பது. அப்போது அந்த வரிப் பணம் கிடைக்காது. வீதி வரியும் ஏறும். வாகனப் பரிசோதனை வருடா வருடம் வரும்.

புதுப்பிப்பதிலும் கவனம் தேவை. பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் பின்னரும் புதுப்பிக்கலாம். செலவு குறைவென்று ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால், அது முடிந்ததும் கார் போக வேண்டியதுதான். மறு தவணை கிடையாது.

சகோதரிகளே, மேலே சொன்ன சான்றிதழ் விலையை மட்டும் 120 மாதங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். மாதம் ஏறத்தாழ 883 டொலர். பெற்றோல், காப்புறுதி, திருத்த வேலை எதுவும் இதில் சேரவில்லை. அங்கே கார் வாங்குவது சொந்தமாக ஒரு பொருள் வாங்குவது போலல்ல, பத்து வருடக் குத்தகை எடுப்பது போலத்தான். அங்கு குடியேறிய பிள்ளையோ மருமகனோ "கார் எடுக்கப் போகிறோம்" என்று சொன்னால், "என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை வருடத் தவணை மிச்சம்?" என்றும் கேளுங்கள். குடும்பத்தின் சேமிப்பைக் காப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.